சி99 என்று குறிப்பிட்டால் பாசிக்ஸ் செயற்கூறுகள் மறைவது ஏன்?

கேள்வி

வணக்கம். லினக்ஸில் ஜிசிசி கொண்டு கம்பைல் செய்யும் ஒரு சி நிரலில், நேரத்தை அளக்க 'கிளாக் கெட்டைம்' செயற்கூற்றையும், எழுத்துச்சரத்தை நகலெடுக்க 'ஸ்டர்டப்' செயற்கூற்றையும் பயன்படுத்துகிறேன். மொழித்தரம் எதையும் குறிப்பிடாதபோது நிரல் சரியாக ஓடுகிறது. எஸ்டிடி தெரிவில் சி99 என்று கொடுத்தாலோ, கிளாக் கெட்டைமுக்குத் தரும் 'கிளாக் மோனோடோனிக்' மாறிலி அறிவிக்கப்படவில்லை என்ற பிழையும், ஸ்டர்டப் பற்றிய எச்சரிக்கையும் வருகின்றன. நூலகம் அதேதான் என்னும்போது, மொழித்தரத்தை மாற்றினால் இவை எப்படிக் காணாமற்போகும்?

பதில் 1

நூலகத்தில் இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஹெடர் கோப்புகளில் உள்ள அறிவிப்புகள்தாம் மறைக்கப்படுகின்றன. சி99 என்று கேட்டதும் ஜிசிசி 'ஸ்ட்ரிக்ட் ஆன்சி' என்ற மேக்ரோவை வரையறுக்கிறது. அதைக் காணும் ஜிலிப்சி (லினக்ஸில் வழக்கமான சி நூலகம்), வழக்கமாகத் தானே திறந்துவைக்கும் பாசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத்தரம்) வசதிகளை மூடிவிட்டு, சி தரத்தில் உள்ள பெயர்களை மட்டும் காட்டுகிறது. நீங்கள் சொல்லும் இரண்டும் பாசிக்ஸைச் சேர்ந்தவை. ஸ்டர்டப் சி தரத்துக்குள் வந்ததே சி23இல்தான். தெரிவு எதுவும் தராதபோது ஜிசிசி, சி தரத்துடன் கூடுதல் வசதிகளும் சேர்ந்த குனூ வகையையே எடுத்துக்கொள்வதால் (5ஆம் பதிப்பில் குனூ11, 8ஆம் பதிப்பில் குனூ17) இந்தத் தடை தெரிவதில்லை.

குனூ99 என்று மாற்றினால் சிக்கல் தீரும். ஆனால், 'பாசிக்ஸ் சி சோர்ஸ்' மேக்ரோவை 200809எல் (பாசிக்ஸின் 2008 பதிப்பு) என்ற மதிப்புடன் நீங்களே வரையறுப்பதுதான் என் பார்வையில் நேர்மையான வழி, ஏனெனில் நிரல் எதை நம்பியிருக்கிறது என்பது குறிமுறையிலேயே பதிவாகிவிடுகிறது. எந்த ஹெடரையும் சேர்ப்பதற்கு முன்பே அந்த வரி வர வேண்டும்; முதல் ஹெடர் படிக்கப்படும்போதே எவற்றைக் காட்டுவது என்பது முடிவாகிவிடும்.

பதில் 2

அந்த எச்சரிக்கையைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். அறிவிப்பு இல்லாத செயற்கூறு இன்ட் மதிப்பைத் திருப்பித்தரும் என்று பழைய ஜிசிசி ஊகித்துக்கொள்ளும். 64 பிட் கணினியில் ஸ்டர்டப் தரும் முகவரியின் மேல் 32 பிட்டுகள் அதனால் தொலைந்துபோகும். லிங்க்கர் முறையிடாது, நிரல் ஓடும்போதுதான் விழும். ஜிசிசி 14 முதல் இது பிழையாகவே கருதப்படுகிறது என்பது பெரிய ஆறுதல்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மேக்ரோவைச் சேர்த்த பின் இரண்டும் சரியாகிவிட்டன. ஆனால் மேத் ஹெடரில் உள்ள 'எம் பை' (வட்டத்தின் பை மதிப்பு) மாறிலி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

பதில் 1

அது பாசிக்ஸின் அடிப்படைப் பகுதியில் இல்லை. எக்ஸ்எஸ்ஐ என்ற, பாசிக்ஸின் கூடுதல் யூனிக்ஸ் வசதிகளைக் கொண்ட நீட்சியைச் சேர்ந்தது. 'எக்ஸ்ஓப்பன் சோர்ஸ்' மேக்ரோவை 700 என்று வரையறுங்கள். 200809எல் தரும் வசதிகளும் அதனுள் அடங்கும். எல்லாவற்றையும் திறந்துவிடும் 'குனூ சோர்ஸ்' மேக்ரோவை மட்டும் தேவையின்றிச் சேர்க்க வேண்டாம். 'ஸ்டர்எரர் ஆர்' போன்றவற்றின் திருப்பும் வகையே அதனால் மாறிவிடும்.