லேட்டக்ஸ் மெத்தை நானே அடுக்கினேன், அம்மாவுக்குத் தோளும் இடுப்பெலும்பும் இன்னும் வலிக்கிறது. எங்கே தப்பு?

பாளை மகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அம்மாவுக்கு 63 வயது. ஆறு வருடமாக முடக்குவாதம். கை விரல்கள், இரண்டு தோள், முழங்கால் எல்லாம் வலி. மருந்து ஒழுங்காகப் போகிறது. எடை 54 கிலோ. மல்லாந்து படுத்தால் தூக்கம் வராது, வலது பக்கம் ஒருக்களித்துத்தான் படுப்பாள்.

முன்பு இலவம்பஞ்சு மெத்தை இருந்தது. நடுவில் குழி விழுந்து, அதிலிருந்து எழுந்திருக்க ஆள் கைகொடுக்க வேண்டியிருந்தது. அடுத்து வாங்கிய தேங்காய்நார் மெத்தை பலகை போலக் கிடந்தது. அதன் பிறகுதான் லேட்டக்ஸ், அதாவது ரப்பர் பாலை நுரைத்துச் செய்யும் மெத்தை, பற்றிப் படித்தேன். தனித்தனி ஷீட் வாங்கி நாமே அடுக்கினால், சரியில்லாத அடுக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது பிடித்திருந்தது.

கேரளத்தில் ஒரு வியாபாரியிடம் போனில் சொல்லி, 72க்கு 36 அளவில் இரண்டு அங்குல ஷீட் மூன்று வரவழைத்தேன். கீழே 90 அடர்த்தி, நடுவில் 80, மேலே 70 (எண் குறைந்தால் மெத்து). பசை ஒட்டவில்லை. கட்டில் இரும்பு, மேலே பிளைவுட்.

உறை தைத்து வர நாலு நாள் ஆகிவிட்டது. அதுவரை வெறும் பருத்தி விரிப்பைப் போட்டுப் படுக்கச் சொன்னேன், பரவாயில்லாமல் தூங்கினாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் ஆகிறது. இரவு இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். வலது தோள் மரத்துப் போகிறது, இடுப்பெலும்பு மெத்தையில் குத்துவது போல் இருக்கிறது என்கிறாள். புரண்டு படுப்பது மட்டும் முன்பைவிட சுலபம்.

மேலே இன்னொரு ஷீட் போடுவதா, அடுக்கை மாற்றுவதா? செலவு செய்துவிட்டு அவளை இன்னும் கஷ்டப்படுத்துகிறேனோ என்று மனது அடித்துக்கொள்கிறது.

தென்காசிக்காரர்

சகோதரி, மெத்தையே வேண்டாம். தரையில் பாய் விரித்துப் படுக்கச் சொல்லுங்கள். எங்கள் ஆச்சி 88 வயது வரை பாயில்தான் படுத்தார்கள்.

இயன்முறை கோமதி

தென்காசி ஐயா, உங்கள் ஆச்சிக்கு முடக்குவாதம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். மூட்டு வீங்கிய ஒருவர் தரையிலிருந்து எழ வேண்டுமென்றால், உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டிலும் முழங்காலிலும் இறங்கும். இந்த நோய் அதிகம் தாக்குவதும் அந்த மாதிரி மூட்டுகளைத்தான்.

கெட்டியான படுக்கைதான் நல்லது என்பதும் பழைய நம்பிக்கை. ஸ்பெயினில் நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேருக்குக் கெட்டி மெத்தையும் நடுத்தர மெத்தையும் பிரித்துக் கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. 2003-ல் லான்செட் இதழில் வந்தது. அது முதுகு வலி பற்றியது, மூட்டு வலி பற்றியது அல்ல. ஆனாலும் தரைதான் மருந்து என்று சொல்ல இடமில்லை.

பாளை மகள், மூன்று விஷயம் கேட்க வேண்டும். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிகிறதா? காலையில் கை விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது? முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்கிறார்களா?

பஞ்சுமெத்தை செல்வம்

அக்கா, நாங்க மதுரையில மூணு தலைமுறையா மெத்தை தைக்கிறோம். உங்க பதிவுலயே பாதி பதில் இருக்கு. உறை வர்றதுக்கு முன்னாடி நாலு நாள் தூங்கியிருக்காங்க, உறை போட்ட பிறகுதான் தூக்கம் போயிருக்கு. என்ன துணி, எப்படித் தைச்சாங்க? கையால உறையைக் கிள்ளிப் பாருங்க, துணி மேல எழும்புதா?

பாளை மகள்

அக்கா, பாதம் பதிகிறது. கட்டில் 12 அங்குலம், மெத்தை 6. விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல். காபி டம்ளரைப் பிடிக்க எட்டரை ஆகிவிடும். முழங்காலுக்கு அடியில் ஆமாம், எப்போதும் ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொள்வாள்.

செல்வம் தம்பி, உறை கனமான மெத்தைத் துணி, உள்ளே கோராத் துணி இன்னொரு அடுக்கு. சுருக்கம் விழக்கூடாது என்று நான்தான் இறுக்கித் தைக்கச் சொன்னேன். இப்போது கிள்ளிப் பார்த்தேன், விரலுக்குத் துணியே அகப்படவில்லை. அதற்கு மேல் ஒரு ரெக்ஸின் விரிப்பும் இருக்கிறது. அம்மா ராத்திரி மூட்டுக்குத் தைலம் தேய்ப்பாள், கறை படியும் என்று போட்டேன்.

பஞ்சுமெத்தை செல்வம்

அதுதான் அக்கா. மிருதங்கத் தோல் மாதிரி இழுத்துக் கட்டியிருக்கீங்க. லேட்டக்ஸ் நல்லா இருக்கணும்னா உடம்பு எங்க அழுத்துதோ அங்க மட்டும் உள்ளே போகணும். தோள் ஒரு இடம், இடுப்பு ஒரு இடம். நீளாத துணியை இறுக்கினா தோள் அழுத்துறப்ப மொத்தத் துணியும் சேர்ந்து தாங்குது, கீழ இருக்கிற ஷீட் எவ்வளவு மெத்துன்னாலும் வேலை செய்யாது. பஞ்சு மெத்தைக்கு அப்படித் தைக்கலாம், பஞ்சு சிதறாம இருக்கணும்ல. இதுக்கு ஆகாது.

திருப்பூர் பனியன் துணி கேளுங்க, கனமான இன்டர்லாக். நாலு பக்கமும் நீளும். தையல்ல இழுக்காம, ஒரு பக்கம் முழுக்க ஜிப் வச்சா அடுக்கைத் திறந்து மாத்தவும் வசதி. ரெக்ஸினை இன்னிக்கே எடுத்துடுங்க.

இயன்முறை கோமதி

முழங்காலுக்கு அடியில் வைக்கும் தலையணையையும் இன்றைக்கே எடுங்கள். அப்போதைக்கு இதமாக இருக்கும், ஆனால் இரவெல்லாம் மடங்கியே கிடந்தால் முழங்கால் நீட்ட வராமல் போகும். ஒருக்களிக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம், அது நல்லது. தலைக்கு வைக்கும் தலையணை, தோளுக்கும் காதுக்கும் இடையில் உள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் தோளே தலையையும் சேர்த்துச் சுமக்கும்.

காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்று தினமும் குறித்து வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து போதுகிறதா என்று பார்க்க அது அவருக்கு உதவும். மெத்தையால் மூட்டின் அழற்சி அடங்காது. மெத்தையிடம் எதிர்பார்க்க வேண்டியது அழுத்தம் குறைவதும் இடையில் விழிப்பு குறைவதும்தான்.

தோட்டத்துக்காரன்

அக்கா, நான் குலசேகரம் பக்கம். எங்களுக்கு ரப்பர் தோட்டம் உண்டு, விடியும் முன்னால் பால் வெட்டு. தைலம் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எண்ணெய் ரப்பருக்கு எமன். பட்ட இடம் ஊதி, நாளாக நாளாகப் பிசுபிசுத்துப் போகும். ரெக்ஸினை எடுத்த பிறகு, தைலம் தேய்க்கிற நாளில் கால் பக்கம் மட்டும் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போடுங்கள். அதைத் தனியாகத் துவைத்துக்கொள்ளலாம்.

பாளை மகள்

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். பனியன் துணி உறை வந்துவிட்டது. ரெக்ஸின் போயிற்று, வேட்டி வந்தது. முழங்கால் தலையணை நடுவுக்குப் போய்விட்டது, அதற்கு ஒரு சண்டையே நடந்தது.

இடுப்பெலும்பு குத்துவது நின்றுவிட்டது! ஆனால் தோள் இன்னும் மரக்கிறது. முன்பு தினமும், இப்போது வாரத்தில் நாலு நாள். அவள் ஒருக்களித்திருக்கும்போது பின்னால் நின்று பார்த்தேன். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகுத்தண்டு நேராக இல்லை, தோள் உள்ளே இறங்காமல் மேலே தூக்கி நிற்கிறது. மேல் ஷீட் 70 என்றால் இறங்க வேண்டாமா?

தோட்டத்துக்காரன்

அது 70-தானா என்று முதலில் பாருங்கள் அக்கா. கடைக்காரர்கள் சொல்லும் 70, 80 எல்லாம் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. 72, 36, 2 அங்குலம் பெருக்கினால் 0.085 கன மீட்டர். 70 அடர்த்தி என்றால் ஷீட் ஆறு கிலோவுக்குச் சற்றுக் கீழே நிற்கும். 80 என்றால் 6.8, 90 என்றால் 7.6 கிலோ. ஷீட்டைச் சுருட்டிக் கட்டி, கையில் பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.

எடையை மட்டும் நம்ப வேண்டாம். சில இடங்களில் சுண்ணாம்புத்தூள் மாதிரி எதையாவது கலப்பார்கள், எடை ஏறும், மெத்து வராது. அதனால் இன்னொன்றும் செய்யுங்கள். மெத்து எவ்வளவு என்பதற்கு ஐ.எல்.டி. என்று ஒரு அளவு உண்டு. எட்டு அங்குல வட்டத் தட்டை வைத்து அழுத்தி, கனத்தில் கால் பங்கு உள்ளே இறங்க எத்தனை பவுண்டு வேண்டும் என்று பார்ப்பது. 20-க்குக் கீழே என்றால் மெத்து, 30-ஐ ஒட்டி நடுத்தரம், 40 கெட்டி. வீட்டில் அவ்வளவு துல்லியம் வராது, ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். சப்பாத்திப் பலகையைக் கவிழ்த்து ஒவ்வொரு ஷீட்டின் நடுவிலும் வைத்து, மேலே 10 கிலோ அரிசிப் பை. பலகை எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று ஸ்கேலால் அளந்து எழுதுங்கள்.

ஒன்று கவனம். இங்கே கிடைப்பது பெரும்பாலும் டன்லப் முறை. பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, இட்லி போல ஆவியில் வேகவைப்பது. நுரை உறைவதற்குள் கனமானது கீழே படியும், அதனால் ஒரே ஷீட்டிலேயே ஒரு பக்கம் கொஞ்சம் கெட்டியாக இருக்கலாம். இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள்.

பாளை மகள்

அளந்துவிட்டேன். கை நடுங்குகிறது, கோபமா அழுகையா தெரியவில்லை.

எடை: மேல் ஷீட் 6.9 கிலோ. நடு ஷீட் 6.8. அடி ஷீட் 7.7.
அரிசிப் பை: மேல் ஷீட் 10 மில்லிமீட்டர் இறங்கியது. நடுவும் 10. அடி ஷீட் 7. இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை.

மேலும் நடுவும் ஒன்றேதான். மெத்து ஷீட் எனக்கு வரவே இல்லை. இரண்டு 80 அனுப்பிவிட்டு ஒன்றில் 70 என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நான் அந்தச் சீட்டை மட்டும் நம்பினேன்.

தோட்டத்துக்காரன்

எடை மெஷின் எண், அரிசிப் பை, ஸ்கேல் மூன்றும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வியாபாரிக்கு அனுப்புங்கள். சண்டையாகத் தொடங்காதீர்கள், கணக்கைச் சொல்லுங்கள். வெட்டுகிற இடத்தில் ஷீட்டுகள் மாறுவது நடக்கிறதுதான்.

மாற்றித் தரும் வரை மேல் ஷீட்டையும் நடு ஷீட்டையும் இடம் மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம், பலன் இருக்காது. இன்னும் ஒரு ஷீட் வாங்கி ஏற்றவும் வேண்டாம், கட்டில் உயரம் 20 அங்குலமாகி அம்மாவின் கால் தொங்கும்.

பஞ்சுமெத்தை செல்வம்

கையோட இன்னொரு வேலை. பிளைவுட்ல ஓட்டை இருக்கா? இல்லைன்னா ஒரு அங்குல ஓட்டை வரிசையா போடச் சொல்லுங்க. உடம்பு வேர்வை கீழ இறங்கி பலகைக்கும் ஷீட்டுக்கும் நடுவுல தங்கும், பூஞ்சை பிடிக்கும். மரச்சட்டம் அடிச்சாலும் சரி, இடைவெளி மூணு அங்குலத்தைத் தாண்டாம பார்த்துக்கங்க, தாண்டினா ஷீட் பிதுங்கும்.

பாளை மகள்

நான்கு வாரம் கழித்து.

வியாபாரி முதலில் “70-தான் அனுப்பினோம்” என்றார். வீடியோ பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை, ஷீட்டைத் திருப்பி அனுப்பச் சொன்னார். லாரி வாடகை என் தலையில். புது ஷீட் வந்ததும் சீட்டைப் பார்க்கவில்லை, நேரே எடை மெஷின். 5.9 கிலோ. அரிசிப் பை 15 மில்லிமீட்டர் இறங்கியது. பிளைவுட்டில் ஓட்டையும் போட்டாயிற்று.

முதல் இரவு நான் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். ஒரு மணிக்கு விழித்துப் பார்த்தேன், தூங்குகிறாள். மூன்று மணிக்கும் தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தேன், அவ்வளவு நாளாயிற்று அவள் அப்படித் தூங்கி. இப்போது பதினெட்டு இரவு ஆகிறது. தோள் மரத்து எழுந்தது இரண்டே தடவை.

கோமதி அக்கா, காலை விறைப்பு அப்படியே இருக்கிறது. குறித்து வைத்த நோட்டில் 60, 70, 65 என்றுதான் ஓடுகிறது. அதை மருத்துவரிடம் காட்டினேன், மருந்தின் அளவை மாற்றியிருக்கிறார், ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்.

ஒரே ஒரு சந்தேகம். லேசாக ரப்பர் வாடை இருக்கிறது. பஞ்சு மெத்தையை வருடா வருடம் மொட்டை மாடியில் காயப்போடுவோம், இதையும் போடணும் என்று அம்மா பிடிவாதமாக நிற்கிறாள். போடலாமா?

தோட்டத்துக்காரன்

வேண்டவே வேண்டாம் அக்கா. வெயில் பட்டால் லேட்டக்ஸ் மஞ்சளாகி, மேல்தோல் காய்ந்து, தேய்த்தால் பொடியாக உதிரும். உறையைக் கழற்றி, ஒவ்வொரு ஷீட்டாக நிழலில் சாய்த்து வைத்து ஃபேனைப் போடுங்கள். தூக்கும்போது ஓரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், கிழியும். சுருட்டித் தூக்குங்கள். வாடை நாளாக நாளாக அடங்கிவிடும்.

பாளை மகள்

சொல்லிவிட்டேன். உறையை மட்டும் மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஷீட் மூன்றும் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் நிற்கின்றன.