திவால் மனு கொடுப்பது விசுவாசிக்குத் தகுமா?

கேள்வி:
தொழில் நொடித்ததால் கடனைத் திருப்பிச் செலுத்த எனக்கு வழியில்லை. வழக்கறிஞர் திவால் மனு கொடுக்கச் சொல்கிறார். ஆனால் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறவனைத் துன்மார்க்கன் என்று சங்கீதம் 37:21 சொல்வதை வாசித்ததிலிருந்து எனக்கு உறக்கமே இல்லை. நான் என்ன செய்வது?

மறுமொழி 1:
சகோதரரே, அந்த வசனம் கொடுக்க மனமில்லாதவனைக் கண்டிக்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். கொடுக்க இயலாமல் தவிக்கிறவருக்கோ வேதத்தில் வேறு இடங்களும் உண்டு. உபாகமம் 15 ஏழாம் வருஷத்தின் முடிவில் கடன்களை விடுதலைபண்ணக் கட்டளையிடுவதோடு, அந்த வருஷம் நெருங்குகிறதென்று ஏழைச் சகோதரனுக்குக் கொடுக்காமலிருப்பதையும் பாவம் என்கிறது. பிழைப்புக்கான திரிகைக்கல்லை அடகாக வாங்கக்கூடாது என்கிறது 24-ஆம் அதிகாரம். ஆகவே சட்டம் தரும் விடுதலையை நாடுவதே பாவம் என்று என்னால் சொல்ல முடியாது.

மறுமொழி 2:
இதை ஏற்கிறேன், ஆனாலும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2 இராஜாக்கள் 4-இல், தன் பிள்ளைகளைக் கடன்கொடுத்தவன் அடிமையாக்க வந்தபோது கதறிய விதவையிடம், அவள் வீட்டில் அற்புதமாகப் பெருகிய எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர்க்கும்படியும், மீந்ததைக் கொண்டு பிழைக்கும்படியும் எலிசா தீர்க்கதரிசி சொன்னார். சொத்தை மறைக்காமல், மனுவில் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுங்கள்.

மறுமொழி 3:
உங்களை நம்பிக் கைம்மாற்றாகக் கொடுத்தவர்களிடம், மனு கொடுக்கும் முன்பே நேரில் சென்று நிலைமையைச் சொல்லுங்கள். சட்டப்படி கடன் நீங்கிய பின்னரும், வசதி வரும்போது அவர்களுக்குச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் மனு நடக்கும் காலத்தில் ஒருவருக்கு மட்டும் தனியாகச் செலுத்தினால் சிக்கல் வரலாம் என்பதால் வழக்கறிஞரைக் கேட்டே செய்யுங்கள்.