புதுப்பிப்பு: அப்பாவின் பட்டன் போன் சிங்கப்பூர் போன கதை

அம்பாசமுத்திரத்திலிருந்து அப்பா அக்கா வீட்டுக்கு சிங்கப்பூர் போகிறார், ரோமிங்கா (நம்ம ஊர் சிம்மையே அங்கேயும் பயன்படுத்துவது) அங்கத்திய சிம்மா என்று போன மாதம் கேட்டிருந்தேன் அல்லவா? ரெண்டும்தான். ஆனால் அவருடைய 2ஜி பட்டன் போன் அங்கே செல்லாக்காசு. 2017-லேயே 2ஜி-யை நிறுத்திவிட்டார்கள், 2024-இல் 3ஜி-யும் போயாச்சு. இது தெரியாமல் ரோமிங் ரேட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், பாருங்கள்!

என் பழைய 4ஜி போனைக் கொடுத்தேன். பட்டன் போன் சிம் பெரிசு, பழசு; பாளையங்கோட்டைக் கடையில் அதே நம்பருக்கு 4ஜி நானோ (சின்ன) சிம்மாக மாற்றி, பென்ஷன் வங்கி ஓடிபிக்கு மட்டும் வைத்து, டேட்டா ரோமிங்கை அணைத்தாச்சு. இரண்டாவது ஸ்லாட்டில் சாங்கி விமான நிலையத்தில் பாஸ்போர்ட் காட்டி வாங்கிய சிம்.

நேற்று வாட்ஸப்பில் கூப்பிட்டார், திரையில் காது மட்டும் தெரிந்தது: "ஏலே, தோட்டத்துக்குத் தண்ணி விட்டியா?"