பழங்காசுகளைத் தரப்படுத்த வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

கேள்வி: வெள்ளவத்தை வாசகர்

வணக்கம். என் அப்பப்பா சேர்த்து வைத்திருந்த செப்புக் காசுகள் இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கின்றன. ஒருபுறம் நிற்கும் மன்னனும் மறுபுறம் நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் கொண்ட யாழ்ப்பாண அரசர் காலத்துக் காசுகளும், பொலன்னறுவைக் காலத்து மஸ்ஸக் காசுகளும் அவற்றுள் உள்ளன. இவற்றைத் தவிர, வெளிநாட்டு ஏலமொன்றில் நான் வாங்கிய ரோமானிய வெள்ளித் தெனாரியஸ் ஒன்றும் என்னிடம் உண்டு. அது காசுகளைச் சோதித்துத் தரம் மதிப்பிடும் என்ஜிசி (NGC) என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறைக்குள், தரம் குறித்த சீட்டுடன் வந்தது. அதைப் பார்த்த பிறகு, அப்பப்பாவின் காசுகளையும் அவ்வாறே தரப்படுத்தினால் நல்லது என்று எண்ணுகிறேன். விடுமுறைக்குக் கொழும்பு வரும் கனடா உறவினர் ஒருவர், திரும்பிப் போகும்போது காசுகளைக் கையோடு எடுத்துச் சென்று அங்கிருந்து அனுப்பித் தருவதாகச் சொல்கிறார். உறைக்குள் வந்துவிட்டால் காசு உண்மையானது என்பது உறுதியாகிவிடுமா? விலையும் கூடுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழங்காசு ஆர்வலர், கொட்டாஞ்சேனை

அந்தச் சீட்டு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். தற்காலக் காசுகளுக்கு 1 முதல் 70 வரையான புள்ளிகள் வழங்கப்படுகின்றன. இயந்திரத்தில் ஒரே அளவாக அடிக்கப்பட்ட காசுகளுக்கு அது பொருந்தும். கையால் சுத்தியல் கொண்டு அடிக்கப்பட்ட பழங்காசுகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. அச்சு நடுவில் விழாமல் ஒருபக்கம் சாய்ந்திருக்கும், காசடிக்கும் உலோகத் தகடு சிறியதாக இருந்தால் எழுத்துகளில் பாதி வெளியே போயிருக்கும். ஆகவே 2008 இல் தொடங்கப்பட்ட என்ஜிசியின் பழங்காசுப் பிரிவு எண்ணுக்குப் பதிலாகச் சொற்களால் தரம் குறிப்பிடுகிறது. அத்துடன் அச்சு விழுந்த விதத்துக்கு 5 புள்ளிகளுக்கும், மேற்பரப்பின் நிலைக்கு (கீறல், அரிப்பு போன்றவை) 5 புள்ளிகளுக்கும் தனித்தனியே மதிப்பிடுகிறது. தேய்மானமே இல்லாத காசு மேற்பரப்பில் 2 புள்ளி மட்டும் பெறுவதும், நன்றாகத் தேய்ந்த காசு 5 பெறுவதும் இதனால்தான். உங்கள் தெனாரியஸின் சீட்டில் இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். தரச் சொல்லைவிட அவையே காசைப் பற்றி அதிகம் சொல்லும்.

உண்மைத்தன்மையைப் பொறுத்தவரை, போலி என்று கருதும் காசை அவர்கள் உறையிலிடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது சரியே. ஆயினும் தற்காலக் காசுகளுக்கு அந்நிறுவனம் வழங்கும் உத்தரவாதம் பழங்காசுகளுக்குக் கிடையாது. அங்கே கிடைப்பது தேர்ந்த நிபுணர்களின் கருத்து மட்டுமே. அதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உறையை உறுதிப்பத்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். சாதாரண மஸ்ஸக் காசு ஒன்றின் விலையை, தரப்படுத்தும் கட்டணமும் அஞ்சல் செலவும் காப்புறுதியும் சேர்ந்து எளிதாகத் தாண்டிவிடும். அதைவிட அந்தக் காசு எந்த மன்னருடையது என்று அறிவதில் நேரத்தைச் செலவிடுங்கள். முதலாம் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி, சாகசமல்லன் ஆகியோரின் காசுகள் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். நாகரி எழுத்தில் உள்ள பெயரே அவற்றை வேறுபடுத்தும். ஈழத்தில் பெருமளவில் கிடைக்கும் இராஜராஜ சோழனின் காசும் இதே அமைப்பைக் கொண்டது. அப்பப்பாவின் காசுகளில் அதுவும் கலந்திருக்கக்கூடும். 1924 இல் கொழும்பு நூதனசாலை வெளியிட்ட கொட்ரிங்டனின் இலங்கை நாணய நூல் இதற்கு இன்றும் பயன்படுகிறது. கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் நாணய நூதனசாலையில் உள்ள காசுகளுடன் உங்களுடையவற்றின் நிழற்படங்களை ஒப்பிட்டும் பாருங்கள்.

பதில்: புதுக்கடைச் சட்டத்தரணி

உறவினர் கையில் கொடுத்தனுப்பும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட காசுகளையும் தொல்பொருள் என்றே வரையறுக்கிறது. தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்வது குற்றமாகும். விற்பதற்காக அல்ல, தரப்படுத்தித் திருப்பிக் கொண்டுவரவே கொண்டு செல்கிறோம் என்று விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் சொல்வதால் பயனில்லை. காசு எல்லையைத் தாண்டினாலே அது ஏற்றுமதிதான். சேதுக் காசும் மஸ்ஸவும் ஐயத்துக்கு இடமின்றி இந்த வரையறைக்குள் அடங்கும். மண்ணிலிருந்து கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அரசுக்குரியது என்பதால், அப்பப்பா அவற்றை எப்போது, யாரிடம் பெற்றார் என்பதைக் காட்டும் பழைய கடிதமோ குறிப்புப் புத்தகமோ வீட்டில் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். தெனாரியஸின் கொள்வனவுச் சீட்டையும் சுங்கப் பத்திரத்தையும் அவ்வாறே வைத்திருங்கள். அனுமதி பற்றி விசாரிப்பதற்குரிய இடம் கொழும்பு 7 இல் உள்ள தொல்பொருளியல் திணைக்களம்.

பதில்: தெஹிவளை வாசகி

சட்டத்தைப் பற்றிச் சொல்லப்பட்டதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் கொட்டாஞ்சேனை அண்ணாவின் கருத்துடன் ஓரிடத்தில் வேறுபடுகிறேன். வெளிநாட்டு ஏலங்களில் நிழற்படத்தை மட்டும் பார்த்து வாங்கும் நம் போன்றவர்களுக்கு, விலைகூடிய ரோமானிய வெள்ளியிலும் பொன்னிலும் உறையிடப்பட்ட காசையே தேர்ந்தெடுப்பது பெரும் பாதுகாப்பு. சீட்டில் எடையும் அச்சிடப்பட்டிருக்கும். அகஸ்டஸ் காலத் தெனாரியஸ் சுமார் 3.9 கிராம், நீரோ அதைக் குறைத்த பிறகு சுமார் 3.4 கிராம். எடை இதிலிருந்து வெகுவாகக் குறைந்திருந்தால், செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசிய அக்காலத்துப் போலியோ என்று ஐயுறலாம்.

இலங்கைக் காசுகளுக்கு உங்கள் கண்ணும் ஒரு நல்ல உருப்பெருக்கியும் போதும். வார்ப்புப் போலியில் ஓரத்தைச் சுற்றி இணைப்புக் கோடு தெரியும் அல்லது அதை அராவி மறைத்த தடம் இருக்கும். பரப்பில் குமிழிக் குழிகள் காணப்படும். எழுத்தின் விளிம்புகள் மழுங்கியிருக்கும். இரண்டு காசுகளில் ஒரே கீறல் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டையுமே ஒதுக்கிவிடுங்கள். செட்டியார் தெருவில் அறிமுகமான நகைக்கடையில் கேட்டால் துல்லியமாக நிறுத்துத் தருவார்கள். மஸ்ஸ பொதுவாக 4 கிராமை ஒட்டியே நிற்கும்.

வெள்ளவத்தை வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உறவினரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொன்றையும் கேட்க வேண்டும். சில மஸ்ஸக் காசுகளில் வெளிறிய பச்சை நிறத்தில் தூள் போன்ற புள்ளிகள் தெரிகின்றன. அம்மா புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்கிறார். தேய்க்கலாமா?

பதில்: பழங்காசு ஆர்வலர், கொட்டாஞ்சேனை

அருள்கூர்ந்து தேய்க்க வேண்டாம். புளியும் எலுமிச்சையும் குத்துவிளக்குக்கு உகந்தவை. பழங்காசில் பட்டால் நூற்றாண்டுகளாக உருவான களிம்புப் படலம் போய்விடும். அந்தப் படலத்தின் அழகும் அதன் கீழே உள்ள எழுத்தும் பிறகு திரும்பி வரமாட்டா. கடினமாகவும் வழுவழுப்பாகவும் உள்ள கரும்பச்சைப் படலம் காசைக் காக்கிறது. அதை அப்படியே விடுங்கள். நீங்கள் சொல்லும் வெளிறிய தூள் வேறு: செம்பில் தங்கிய குளோரைடு உப்பு ஈரப்பதத்துடன் சேர்ந்து உலோகத்தை அரிப்பதால் அது உண்டாகிறது. கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் அது விரைவாகவே பரவும். உறைக்குள் அடைத்தாலும் நிற்காது. அந்த உறைகள் காற்றுப் புகாதவை அல்ல.

தூள் தெரியும் காசுகளை இன்றே மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் இட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். மென்மையான பிவிசி பைகளைத் தவிர்த்து மைலர் எனப்படும் பாலியஸ்டர் உறைகளைப் பயன்படுத்துங்கள். பிவிசியே காசில் பச்சைப் பசை படிய வைக்கும். சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் ஊறவைத்து உப்பை அகற்றும் முறை உண்டு. ஆனால் அதற்குப் பல வாரங்கள் பிடிக்கும், கரைசலை அடிக்கடி மாற்றவும் வேண்டும். ஆகையால் முதலில் எழுத்துத் தெளிவில்லாத காசு ஒன்றில் செய்து பாருங்கள்; சேதுக் காசுகளில் தூள் இல்லையென்றால் அவற்றை இதில் சேர்க்கவே வேண்டாம். தொடங்கும் முன் ஒவ்வொரு காசின் இருபுறத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்து இங்கே பதிவிட்டால், எழுத்தை வாசித்து மன்னர் யாரென்று சொல்ல முயல்கிறேன்.