டெமிடிவ் கிராமத்து வெள்ளம்: வடிக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

வரைபடவாசி:
கீவ் நகருக்கு வடக்கே இர்பின் ஆற்றங்கரையில் டெமிடிவ் என்றொரு கிராமம். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை பெலாரூஸ் பக்கமிருந்து இறங்கியபோது, உக்ரைன் இராணுவம் அங்கிருந்த பாலத்தைத் தகர்த்தது. ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள கொசரோவிச்சி அணையையும் உடைத்துவிட்டது. பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணீர், டாங்கிகளுக்கு வழியில்லை. அது ஆதியில் சதுப்பு நிலம். சோவியத் காலத்தில்தான் ஆற்றை நேராக வெட்டி, வாய்க்கால் போட்டுக் காயவைத்தார்கள். இனி அதை வடிக்கவே கூடாது என்பது என் கட்சி.

மண்வாசம்:
அண்ணே, அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். சுமார் 750 வீடுகளில் 50 வரை தண்ணீர் புகுந்ததாகச் செய்திகள் வந்தன. தெருவில் படகு ஓடியது. அந்த ஊர்ப்பக்கம் வீட்டுக்கடியில் நிலவறை இருக்கும். உருளைக்கிழங்கு, பீட்ரூட், ஊறுகாய் ஜாடி என்று பனிக்காலச் சாப்பாடு அத்தனையும் அதில்தான். அது நிரம்பினால் என்ன செய்வார்கள்? ஒரு மாதம் போல ரஷ்யப் படையின் பிடியிலும் இருந்த ஊர் அது.

வரைபடவாசி:
அந்த வேதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நில அமைப்பைப் பாருங்கள். இர்பின் போய்ச் சேரும் கீவ் நீர்த்தேக்கம் 1964–66இல் நிரம்பிய பிறகு அதன் நீர்மட்டம் இர்பினைவிடப் பல மீட்டர் உயரம். ஆறு தானாகப் போய்ச் சேர முடியாது, பம்பு வைத்து ஏற்றித்தான் விடுகிறார்கள். அணை உடைந்ததும் தேக்கத்துத் தண்ணீர் ஆற்றுக்குள் திரும்பி வந்தது. வடிப்பது என்றால் காலத்துக்கும் மின்சாரம் செலவழித்து இயற்கையோடு மல்லுக்கட்டுவது. மக்கிய செடிகளால் ஆன சதுப்புக் கரி மண் காய்ந்தால் தாழ்ந்துபோகும், தீயும் பிடிக்கும்.

கோட்டைக்கல்:
இராணுவக் காரணமும் இருக்கிறது. 1930களில் கட்டிய கான்கிரீட் காவலரண்கள் அந்த ஆற்றை ஒட்டி இன்னும் நிற்கின்றன. 1941 ஜூலையில் ஜெர்மானியர் நேராகக் கீவுக்குள் நுழைய முடியாமல் நின்றதும் இந்த இர்பின் வரிசையில்தான். ஒரே ஆறு இரண்டு போரில் தலைநகரைக் காத்திருக்கிறது.

மண்வாசம்:
பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். அதே 1941 செப்டம்பரில் ஜெர்மன் கவசப்படைகள் கிழக்கே லோக்விட்சா அருகே கைகோத்து வளைத்துக்கொண்டன, 19ஆம் தேதி கீவ் விழுந்தது. ஆறு மட்டும் நகரைக் காப்பாற்றிவிடாது. அப்படியிருக்க, ஒரு கிராமம் தலைமுறை தலைமுறையாக அகழியாகக் கிடக்க வேண்டும் என்று தூரத்திலிருந்து தீர்ப்பு எழுத நமக்கு என்ன உரிமை?

கோட்டைக்கல்:
2022இல் அவகாசம் கிடைத்ததே, அது போதாதா?

வரைபடவாசி:
இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இர்பின் பள்ளத்தாக்கு தலைநகரின் ஓரம். வடித்த இடத்தில் கட்டடம் எழுப்ப ஆள் தயாராக இருப்பார்கள். அப்புறம் சதுப்பும் போச்சு, அரணும் போச்சு.

மண்வாசம்:
சரி, கட்டடத்துக்குத் தடை போடட்டும், ஆளில்லாத பகுதி சதுப்பாகவே இருக்கட்டும். டெமிடிவின் வீட்டுப் பக்கம் மட்டும் கரை கட்டி, பம்பு ஓட்ட வேண்டும். முடியாது என்றால் முதலில் நஷ்டஈடும் மாற்று வீடும், பிறகு சூழலியல்.

வரைபடவாசி:
நஷ்டஈட்டுக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். கரைக்கு மாட்டேன். கீழிருந்து ஊறி வரும் தண்ணீரைக் கரை தடுக்காது, நிலவறை அப்போதும் நிரம்பும்.