பயணத்தில் பொருள் போனது, இன்சூரன்ஸ் க்ளெய்ம் ஏன் நின்றது? பார்த்ததை எழுதுங்கள்

கடலோடி:
பெல்ட்டில் பெட்டி வந்தபோதே ஒரு பக்கம் பிளந்து, கீல் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பயணி போட்டோ எடுத்தார், டேப் சுற்றினார், சுங்கம் தாண்டி வெளியே போய்விட்டார். ஒன்பதாம் நாள்தான் க்ளெய்ம் ஃபார்ம் வந்தது. போட்டோவில் டேக் நம்பர், தேதி எல்லாம் தெளிவு. பி.ஐ.ஆர் (சாமான் சேதம், தொலைவு பற்றி ஏர்லைன் கவுன்டரில் பதியும் அறிக்கை) மட்டும் இல்லை. அந்தக் கோப்பு இன்னும் மனதை அரிக்கிறது.

பெட்டி எடுக்கும் ஹாலை விட்டு வெளியே வருவதற்குள் கவுன்டரில் பி.ஐ.ஆர் பதிய வேண்டும். பதிந்ததற்கு அடையாளம், எழுத்தும் எண்ணும் சேர்ந்து பத்து இடமுள்ள குறியீடு: முதல் மூன்று எழுத்து விமான நிலையம், அடுத்த இரண்டு ஏர்லைன், பிறகு ஐந்து எண்கள். அது கையில் இல்லையென்றால் பதிவாகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதிந்ததோடு வேலை முடிந்துவிடாது. பல ஏர்லைன்கள் பி.ஐ.ஆரைப் புகாராக ஏற்பதில்லை, தனியாக எழுதிக் கேட்க வேண்டும். கெடு 7 நாள்.

வெண்மேகம்:
7 நாள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் படிப்பவர் குழம்பிவிடுவார். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி 7 நாள் என்பது சேதத்துக்கு மட்டும். தாமதமென்றால் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். வரவேண்டிய நாள் கழிந்து 21 நாளாகியும் பெட்டி வரவில்லையென்றால் தொலைந்ததாகவே கொண்டு இழப்பீடு கேட்கலாம். வழக்குப் போட 2 வருடம்.

ஏர்லைன் தரும் தொகைக்கும் உச்சவரம்பு உண்டு: ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர் (ஐ.எம்.எஃப் வைத்திருக்கும் கணக்கு அலகு). 2024 டிசம்பர் 28-க்கு முன் அது 1,288. கேட்டவுடன் முழுசாகத் தந்துவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம், நிரூபித்த இழப்பு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். அதைவிட மதிப்புள்ள பெட்டியென்றால் செக்-இன் செய்யும்போதே மதிப்பை அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் கட்ட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனி பெரும்பாலும், "ஏர்லைன் எவ்வளவு தந்தது, கடிதம் எங்கே?" என்றுதான் முதலில் கேட்கும். கெடுவைத் தவறவிட்டால் இரண்டு பக்கமும் அடி.

திசைகாட்டி:
எனக்கு மறக்காதது ஒரு கேமரா பை. நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு காபி வாங்கப் போயிருக்கிறார், நாலடி தூரம். அதை அவரே வாக்குமூலத்தில் எழுதியிருந்தார். 'கவனிப்பின்றி விட்ட பொருள்' என்ற விலக்கில், அதாவது பாலிசி பணம் தராத வகையில், போய் விழுந்தது.

அது விழாமலிருந்தாலும் பெரிதாக வந்திருக்காது. பாடி, லென்ஸ், ஃப்ளாஷ் மூன்றும் சேர்ந்து ஒரே செட், ஒரே பொருள் என்று பல பாலிசிகள் சொல்லும். ஒரு பொருளுக்கு வரம்பு 300 என்றால், 1,500 பெறுமான செட்டுக்கும் 300தான். எக்ஸஸ் (நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) 50 இருந்தால், அதை இழப்பில் கழிப்பதா, வரம்பில் கழிப்பதா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். வரம்பில் கழித்தால் கைக்கு 250. பழைய பொருளென்றால் தேய்மானம் வேறு. விலை உயர்ந்த கேமராவைப் பெயரும் சீரியல் நம்பரும் போட்டுத் தனியாகச் சேர்த்து, அதற்குரிய பிரீமியம் கட்டுங்கள். மொத்தத் தொகை எவ்வளவு என்று பார்த்து ஏமாறாதீர்கள்.

நாடோடி:
திசைகாட்டி, நாலடி தூரம் என்பதற்காக எல்லாம் அடிபட்டுவிடும் என்று பயமுறுத்த வேண்டாம். கண்பார்வையில் இருந்ததா, எட்டிப் பிடிக்க முடிந்ததா என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவாகும். உடம்பில் மாட்டியிருந்ததைப் பறித்துக்கொண்டு ஓடினால் அது வேறு கணக்கு.

யாரும் இங்கே தொடாத இடம் ஒன்று இருக்கிறது: போர்டிங் கேட். மேலே இடமில்லை என்று கைப்பையை வாங்கி டேக் போட்டு விமானத்தின் அடிவயிற்றுக்கு, அதாவது சரக்கறைக்கு, அனுப்புவார்கள். அந்த நொடியிலேயே அது செக்-இன் சாமான். லேப்டாப், நகை, பணம் செக்-இன் சாமானில் இருந்தால் பல பாலிசிகளில் பைசா கிடையாது. பையைக் கொடுப்பதற்கு முன் அவற்றையும் மருந்தையும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்கை எப்படியும் எடுத்தாக வேண்டும், அது சரக்கறைக்குப் போகவே கூடாது.

கிளம்பும் முன் பெட்டியைத் திறந்து வைத்து ஒரு போட்டோ, பூட்டிய பின் வெளிப்பக்கம் ஒரு போட்டோ. போனில் *#06# அடித்தால் ஐ.எம்.இ.ஐ (போனின் தனி அடையாள எண்) வரும், குறித்து வையுங்கள். பில்களை உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். போன் திருடு போனால் முதலில் சிம்மை முடக்குங்கள், முடக்கிய நேரத்துக்கு எழுத்துச் சான்று வாங்குங்கள். போலீஸ் அறிக்கைக்குப் பல பாலிசிகளில் 24 மணி நேரம்தான். அறிக்கையில் போன பொருள்கள் ஒவ்வொன்றாக இருக்க வேண்டும். 'ஒரு பை' என்று மட்டும் எழுதி, பிறகு ஃபார்மில் பைக்குள் டேப்லெட்டும் இருந்தது என்றால் யார் ஏற்பார்கள்? பெட்டி தாமதமாகி மாற்றுத் துணி, பிரஷ் வாங்கினால் ரசீது பத்திரம். பல பாலிசிகளில் 12 மணி நேரம் தாண்டினால்தான் அந்தப் பணம், வீடு திரும்பும் வழியில் பெரும்பாலும் கிடையாது. பெட்டி கடைசியில் கிடைக்காமலே போனால், தந்ததை மொத்தத்தில் கழித்துக்கொள்வார்கள்.

வெண்மேகம்:
வாடகைக் காரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின் சீட்டில் பை தெரிந்தால் பல பாலிசிகளில் விலக்கு. பூட்டிய டிக்கியில், வெளியே தெரியாமல் இருந்திருக்க வேண்டும், உடைத்துத் திறந்த தடயமும் வேண்டும். காரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அந்தப் பூட்டைக் கிட்டத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள். பழுது பார்த்துவிட்டால் தடயமே இருக்காது.