ஆர்டினன்ஸுக்குத் தமிழில் என்ன? அப்புறம் ஒரு போட்டோவும் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. அடுத்த வாரம் எங்கள் வாசகர் வட்டத்தில் பேச வேண்டும். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஆட்களைக் கண்காணிக்க அரசுக்குக் கூடுதல் அதிகாரம் தந்து 2001இல் வந்த பேட்ரியட் சட்டத்தை அமெரிக்காவின் சின்னச் சின்ன நகர மன்றங்கள் எதிர்த்த கதைதான் தலைப்பு.

பல ஊர்கள் கண்டனத் தீர்மானம் போட்டதோடு சரி. கலிபோர்னியாவின் ஆர்கேட்டாவோ 2003இல் ஆர்டினன்ஸே, அதாவது நகர மன்றம் தன் ஊருக்கென்று போடும் சட்டமே, போட்டது. பேட்ரியட் சட்டத்தின் பேரில் உரிமைகளை மீறும் விசாரணைக்கு நகராட்சித் துறைத் தலைவர்கள் தாமாக முன்வந்து ஒத்துழைக்கக் கூடாது, மீறினால் 57 டாலர் அபராதம். (வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தியதற்குக் கட்டுவது போல இருக்கிறது!) இதை 'அவசரச் சட்டம்' என்றால் நம்மவர்களுக்கு ஆளுநர்தான் நினைவுக்கு வருவார். 'துணைவிதி' என்றால் கூட்டுறவுச் சங்க வாடை. வேறு நல்ல சொல் இருக்கிறதா? நகராட்சியில் வேலை பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.

அதே ஆண்டு கலிபோர்னியாவின் இன்னொரு ஊரான சான்டா குரூஸ் நூலகங்களில் ஓர் எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். நீங்கள் எடுத்த புத்தகங்களின் விவரத்தை மத்திய அரசின் ஏஜென்டுகள் வாங்கிக்கொள்ளலாம், வாங்கியதை உங்களிடம் சொல்ல எங்களுக்குத் தடை என்று அதில் இருந்தது. விவரம் ஏஜென்டுகள் கையில் சிக்காமலிருக்கத் தேவையில்லாத காகிதங்களை ஊழியர்கள் அன்றன்றே கிழித்தும் போட்டார்கள். அந்தப் பக்கம் அப்போது இருந்தவர்கள் யாரிடமாவது அந்தப் பலகையின் போட்டோ இருக்குமா? மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. வியாழக்கிழமைக்குள் கிடைத்தால் போதும்.